நாவல் சேர்த்த வாசகரும் நாவல் வரலாறும்

தமிழ் நாவலின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் 1879இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்திலிருந்தே தொடங்குவர். க. கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' (1968), சிட்டியும் சிவபாதசுந்தரமும் இணைந்து எழுதிய 'தமிழ் நாவல்: நூறாண்டு வரலாறும் வளர்ச்சியும்' (1977) ஆகிய இரண்டும் இத்துறையில் நாம் நாள்தோறும் புரட்டும் நூல்கள். ஆசிரியர் யார், கதைப்பொருள் யாது, அது தோன்றிய சமுதாயம் எத்தகையது என்பன போன்ற வினாக்களுக்கு அவை விடை கூறுகின்றன. படிப்பவர் பக்கம் நின்று நாவலைக் காணும் முயற்சியை ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'நாவலும் வாசிப்பும்' (2002) மேற்கொண்டது. எனினும் வாசகருள்ளும் ஒரு வகையார் இன்னும் ஆராயப்படாமல் இருக்கின்றனர். அவர்கள் வாங்கிப் படித்ததோடு அமையாதவர்கள். படித்தவற்றைச் சேர்த்து, தைத்து, எண்ணிட்டு, அடுக்கிக் காத்தவர்கள். அவர்கள் காத்தவை நாவல் வரலாற்றுக்கு எவ்வகையில் சான்றாகும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு நம்மைத் தூண்டியது சத்துவாச்சாரியில் நாம் கண்ட ஒரு வீட்டுத் தொகுப்பு. சத்துவாச்சாரி வேலூர்க் கோட்டைக்குக் கிழக்கே, பாலாற்றின் தென்புறத்தே, சென்னை – பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த ஊர். முன்னாளில் தனியூராக இருந்தது. இப்போது வேலூர் மாநகராட்சியின் ஒரு பகுதி. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இங்கேதான் உள்ளது. மேற்கே ஆம்பூர், வாணியம்பாடி, கிழக்கே இராணிப்பேட்டை என நீளும் தோல் தொழில் நிலப்பகுதியின் நடுவே இவ்வூர் இருத்தலின், தோல் வணிகக் கணக்குகளை எழுதிப் பிழைத்த குடும்பங்கள் பல இங்கே வாழ்ந்தன. நாம் கண்ட தொகுப்பின் உடையவரும் அத்தகைய கணக்கரே. அவர் மறைந்த பின்னர், அவருடைய இரண்டு மர அலமாரிகளை என் செய்வது என்று அறியாது குடும்பத்தார் நம்மை அழைத்தனர். பழைய தாள் வாங்கும் கடைக்காரர் நமக்கு முன்னரே ஒருமுறை வந்து விலை கூறிச் சென்றிருந்தார்!

அலமாரிகளில் இருந்தவை மூவகையின. முதல் வகை, அச்சிட்ட நூல்கள்: மு. வரதராசனார், அகிலன், நா. பார்த்தசாரதி, லட்சுமி முதலியோர் நாவல்கள். இரண்டாம் வகை, மலிவு விலை மாத நாவல்கள்: 1969இல் தொடங்கிய ராணிமுத்து முதலாகப் பேருந்து நிலையக் கடைகளில் தொங்கிக் கிடந்தவை. மூன்றாம் வகையே நம் ஆராய்ச்சிக்கு உரியது. வார இதழ்களில் வெளிவந்த தொடர்கதைகளின் தாள்களை வாரந்தோறும் கத்தரித்தெடுத்து, தொடர் முடிந்ததும் பைண்டு செய்துகொண்ட தொகுதிகள் அவை. தமிழ்நாட்டில் நாவல் படித்த வீடுகளில் இத்தகைய தொகுதி ஒன்றேனும் இல்லாத வீடு அரிது என்று சொல்லும் அளவுக்கு இவ்வழக்கம் ஒரு காலத்தில் பரவியிருந்தது. ஆயினும் நம் நூலகங்களில் அவற்றைத் தேடிக் காண்டல் அரிது.

அதற்குரிய காரணத்தை அன்றே நேரிற் கண்டோம். குடும்பத்தார் விருப்பப்படி இரண்டு அலமாரிகளையும் ஒரு நூலகத்துக்கு அளிக்க முயன்றோம். முதல் வகை நூல்களை அவர்கள் பெற்றுக்கொண்டனர். மாத நாவல்களைச் சற்றுத் தயங்கி ஏற்றனர். தைத்த தொகுதிகளை மட்டும் திருப்பி அனுப்பினர். தலைப்புத்தாள் இல்லை, பதிப்பகத்தார் பெயர் இல்லை, பதிப்பாண்டு இல்லை. ஆகவே இவை நூல்கள் ஆகா. இதழ் முழுமையாக இல்லாமையின் இதழ்களும் ஆகா. இது அவர்கள் கூறிய விடை. விதியின்படி பார்த்தால் அவ்விடையில் பிழை இல்லை. ஆனால் அவ்விதி எதனை நூல் என்று கொள்கிறது, எதனைத் தள்ளுகிறது என்பது நம்மைச் சிந்திக்க வைத்தது.

தமிழ் நாவல் நூல்வடிவில் பிறந்தது உண்மையே. மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை (1826–1889) தம் கதையை அச்சிட்ட நூலாகவே வெளியிட்டார். ஆனால் அடுத்த பெரும் படைப்பாகிய பி. ஆர். இராஜமையரின் கமலாம்பாள் சரித்திரம், 'விவேக சிந்தாமணி' இதழில் 1893 முதல் 1895 வரை தொடராகவே வெளிவந்தது. அதன் முதற்பெயர் 'ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்' என்பதாம். பின்னர்த் தலைப்பின் முற்பகுதி நூலட்டையிலிருந்து உதிர்ந்துபோயிற்று. அபவாதம், அதாவது வீண்பழி, கதையின் நடுவே எத்துணைப் பெரிய இடம் பெறுகிறது என்பதை அறிந்தோர்க்கு இப்பெயர் மாற்றம் சிறிய செய்தி அன்று. ஆசிரியர் தம் கதையை முதலில் எந்தக் கண்ணோட்டத்தில் வாசகர்முன் வைத்தார் என்பதை அவ்வுதிர்ந்த சொற்களே காட்டுகின்றன.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாவல் பெருவணிகமாயிற்று. ஜே. ஆர். ரங்கராஜுவின் இராஜாம்பாள் 1908இல் வெளிவந்து பல பதிப்புகள் கண்டது. வடுவூர் துரைசாமி அய்யங்காரின் கதைகளை மக்கள் விரும்பிப் படித்தனர். வை. மு. கோதைநாயகி அம்மாள் 1925இல் 'ஜகன்மோகினி' இதழை ஏற்று, அதன்வழி நாவல்களை வெளியிட்டு, தம் வாழ்நாளில் நூற்றுக்கு மேற்பட்டவற்றை எழுதி முடித்தார். வடஆர்க்காட்டுப் பகுதிக்கே உரியவர் ஆரணி குப்புசாமி முதலியார். அவர் 'ஆனந்தபோதினி' இதழின் ஆசிரியராக இருந்து, ஆங்கில நாவல்களைத் தழுவித் தமிழில் ஏராளமாக எழுதினார். ஆரணி வேலூருக்குத் தெற்கே உள்ள ஊர். அவர் நாவல்களில் இன்று எத்தனை அவ்வூரில் கிடைக்கும் என்று தேடிப் பார்ப்பவர் ஏமாற்றமே அடைவர். 1867ஆம் ஆண்டின் அச்சக, நூற்பதிவுச் சட்டத்தின்படி அச்சிட்ட நூல்கள் அரசினரிடம் பதிவாயின; காலாண்டுப் பட்டியல்களும் வெளியிடப்பெற்றன. ஆகவே இன்ன பெயருடைய நாவல் இன்ன ஆண்டில் அச்சாயிற்று என்பதை அறிய வழியுண்டு. பட்டியலில் பெயர் இருத்தல் வேறு. படி கைக்குக் கிடைத்தல் வேறு. நூலளிப்புச் சட்டம் 1954இல்தான் வந்தது. பருவ இதழ்கள் அதனுள் அடங்கியது 1956இல். அதன்பின்னரே சென்னைக் கன்னிமாரா நூலகம் முதலியவற்றுக்கு வெளியீடுகளைக் கட்டாயமாக அளிக்கும் முறை வலுப்பெற்றது. அதற்கு முற்பட்ட காலத்து நாவல்கள் வாசகர் வீடுகளின் தயவிலேயே எஞ்சின எனலாம்.

தமிழ்த்துறையினராகிய நாம் இவ்விடத்தில் நம் குற்றத்தையும் ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். புலவர் உலகம் நெடுங்காலம் நாவலை நூலாகவே கருதவில்லை. ஓலைச்சுவடி ஒன்று கிடைத்தால் அதன் ஏடு ஏடாக எண்ணி, சிதைந்த எழுத்தையும் குறித்து வைத்த நாம், அச்சில் வந்து ஐம்பது ஆண்டு ஆகாத நாவலைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கினோம். ஆயினும் புலவர்கள் நாவலைப் படிக்காமலும் இல்லை, எழுதாமலும் இல்லை. தனித்தமிழ் இயக்கத்தின் தலைவராகிய மறைமலையடிகளே ரெயினால்ட்ஸ் என்னும் ஆங்கில நாவலாசிரியரின் 'லைலா' என்னும் கதையைத் தழுவிக் 'குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி' (1911) எழுதினார். அடிகள் தம் நூல்களைப் போற்றிக் காத்த முறை அனைவரும் அறிந்தது. அவர் 1950இல் மறைந்த பின்னர், 1958இல் சென்னையில் அவர் பெயரால் தோன்றிய நூல்நிலையம் அவர் சேர்த்த நூல்களைக் கருவாகக் கொண்டது. மு. வரதராசனார் பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கியவர். அவர் நாவல்கள் திருமண வீடுகளில் பரிசாக வழங்கப்பெறும் பெருமை எய்தின. 'அகல் விளக்கு' 1961இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. அதன் கதை நம் பகுதியாகிய வாலாசாவையும் அதன் சுற்றுப்புறத்தையும் களமாகக் கொண்டது. சத்துவாச்சாரிக் கணக்கரின் படியில், ஊர்ப்பெயர் வருமிடந்தோறும் மெல்லிய பென்சிற்கோடு இருந்தது. தம் ஊர்ப்புறம் அச்சில் வருவதைக் கண்ட மனிதரின் மகிழ்ச்சிக்கு அக்கோடுகள் சான்று. திறனாய்வு நூல்களில் இத்தகைய சான்று கிடைக்காது.

இனித் தைத்த தொகுதிக்கு வருவோம். அதனை ஒரு சுவடி போலக் கருதிப் படித்தால் என்னென்ன அறியலாம் என்பதைக் காட்ட நாம் கண்டவற்றிலிருந்து இரண்டை எடுத்துக்கொள்கிறோம்.

முதலாவது, முதுகில் 'காலங்கள் மாறும்' என்று மையால் எழுதப்பெற்றிருந்த ஒரு தொகுதி. நம் துறையில் முதுகலை பயிலும் மாணவர் ஒருவர் அப்பெயரை நாவல் அடைவுகளில் தேடினார். ஜெயகாந்தன் பெயரோடு அப்படி ஒரு நாவல் இல்லை. அறியப்படாத நாவல் ஒன்று கிடைத்துவிட்டது என்று அவர் மகிழ்ந்தார். சில தாள்களைப் புரட்டியதும் கங்கா வந்தாள், ஐயம் தீர்ந்தது. 'தினமணி கதிர்' இதழில் 'காலங்கள் மாறும்' என்னும் பெயரில் தொடராக வந்த கதையே பின்னர்ச் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்னும் நூலாகி, 1972இல் சாகித்திய அகாதெமிப் பரிசும் பெற்றது. இச்செய்தி ஜெயகாந்தன் வாசகர்க்குப் புதிதன்று. மாணவரின் ஏமாற்றமும் சிரிப்புக்குரியதாக நமக்குத் தோன்றவில்லை. தொடரைப் படித்த வாசகர் காலத்தின் மாற்றத்தை எதிர்நோக்கும் ஒரு தலைப்பின்கீழ் வாரந்தோறும் கதையைத் தொடர்ந்தார். நூலைப் படிப்பவரோ மனிதரையும் நேரத்தையும் முன்வைக்கும் தலைப்போடு கதைக்குள் நுழைகிறார். ஒரே கதையை இருவர் இருவேறு எதிர்பார்ப்போடு படித்தனர். முதல் வாசகரின் எதிர்பார்ப்புக்கு இன்று எஞ்சியுள்ள சான்றுகளில் இத்தகைய தைத்த தொகுதியும் ஒன்று.

இரண்டாவது, பொன்னியின் செல்வன். கல்கி இதழில் 1950 அக்டோபர் இறுதியில் தொடங்கி 1954 வரை இக்கதை வெளிவந்தது. 1999இல் கல்கியின் படைப்புகள் நாட்டுடைமை ஆக்கப்பெற்ற பின்னர் எத்தனையோ பதிப்பகங்கள் இதனை வெளியிட்டுள்ளன. மலிவாகக் கிடைப்பது நன்மையே. ஆயினும் அவற்றுட் பல மணியத்தின் ஓவியங்கள் இன்றியே வந்தன. தொடரைப் படித்தவர்க்குக் குந்தவையின் முகமும் வந்தியத்தேவனின் தோற்றமும் மணியம் வரைந்தவையே. கதையின் சொற்கள் மட்டும் போதும் என்று நாம் இன்று கொள்வது, சிற்பத்தை நீக்கிக் கோயிலின் தரைப்படத்தைக் காட்டுவது போன்றது. கணக்கர் கத்தரித்த தாள்களில் ஓவியம் முழுமையாக உள்ளது. தாளின் மறுபுறத்தில் வேறு யாரோ எழுதிய சிறுகதையின் பாதியும், துணுக்கும், விளம்பரமும் தலையும் வாலும் இன்றி நிற்கின்றன. அவற்றைச் சிலர் வெள்ளைத்தாள் ஒட்டி மறைப்பதுண்டு, இவர் மறைக்கவில்லை. ஒவ்வோர் இயலின் தலையிலும் இதழ் வந்த நாளைத் தம் கையால் எழுதியுள்ளார். சில இடங்களில் நாள் இல்லை. அவ்விடத்தில் 'வேறு படியிலிருந்து' என்ற குறிப்பு மட்டும் உண்டு. தவறிய வாரத்தின் தாள்களைப் பிறரிடம் கேட்டுப் பெற்றுச் சேர்த்தார் என்பது இதனால் போதரும். ஏடு குறைந்த சுவடிக்குப் பிறிதொரு சுவடியைத் தேடி ஊரூராக அலைந்த நம் முன்னோரின் முயற்சியினின்றும் இது எவ்வகையில் வேறுபட்டது? அளவில் வேறுபடலாம், இயல்பில் வேறுபடவில்லை.

புதுமைப்பித்தன் கதைகளுக்கு இதழ்ப்பாடத்தையும் நூற்பாடத்தையும் ஒப்பிட்டுச் செம்பதிப்புக் காணும் முயற்சி நடந்துள்ளது. நாவல்களுக்கு அது பெரும்பாலும் நடைபெறவில்லை. 1956இல் சுதேசமித்திரன் வாரப்பதிப்பில் தொடராக வந்த தி. ஜானகிராமனின் மோகமுள் போன்ற படைப்பை ஆராயும் மாணவர், நூற்பதிப்பு ஒன்றையே மூலமாகக் கொண்டு பக்க எண் கொடுத்து அமைதியடைகிறார். தொடரில் இருந்தது நூலில் அவ்வாறே உள்ளதா என்னும் வினாவை எழுப்பாமலே ஆய்வேடு முடிந்துவிடுகிறது. பாடவேறுபாட்டைச் சங்க நூலுக்கு மட்டும் உரியதாகக் கருதும் பழக்கத்தை நாம் விடவேண்டிய காலம் வந்துவிட்டது.

இத்தொகுதிகள் அழியும் முறையைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். அது இவ்வட்டாரத்துக்கே உரிய ஒரு செய்தியை உள்ளடக்கியது. கணக்கரின் தொகுதிகளுட் பெரும்பாலானவை காலிகோத் துணி முதுகு உடையன. மயில்துத்தம் கலந்த மாவுப் பசை பூசியமையால் பூச்சி அரிப்பு அவற்றில் குறைவு. தாம் மிகவும் விரும்பிய சிலவற்றுக்கு மட்டும் அவர் தோல் முதுகு இட்டிருந்தார். தோல் தொழிலோடு வாழ்ந்தவருக்குத் துண்டுத் தோல் கிடைப்பது அரிதன்று. அத்தொகுதிகளை எடுத்தபோது நம் விரல்களில் செந்நிறப் பொடி ஒட்டிற்று. துணி முதுகு உறுதியாக இருக்க, சிறப்புச் செய்யப்பெற்ற தோல் முதுகே பொடிந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

இவ்வழிவு நூற்றாண்டுக்கு முன்னரே ஆராயப்பட்டதாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய நூல்களின் தோல் விரைவில் பொடியாவதைக் கண்ட இலண்டன் கலைச் சங்கத்தார் ஒரு குழுவை அமைத்தனர். அதன் அறிக்கை 1901இல் வெளிவந்தது. பட்டையில் உள்ள துவர்ப்பொருளின் வகையே அழிவுக்குப் பெருங்காரணம் என்று அக்குழு கண்டது. தென்னிந்தியாவில் ஆவாரம்பட்டையால் பதனிட்டு அனுப்பிய ஆட்டுத்தோல், இலண்டன் சந்தையில் 'பாரசீகத் தோல்' என்னும் பொருந்தாப் பெயரால் விற்றது. நூற்கட்டுக்கு அது ஏற்றதன்று என்பது அவர்தம் முடிவு. ஆவாரம்பட்டையைச் சார்ந்த வகைத் துவர்ப்பொருள் காற்றிலுள்ள கந்தக ஆவியை ஏற்று, தோலுக்குள்ளேயே அமிலத்தை உண்டாக்கிக்கொள்ளும். கடுக்காயைச் சார்ந்த வகை அதனை ஓரளவு தாங்கும். பின்னாளில் ஆவாரம்பட்டைக்கு ஈடாக வந்த வாட்டில் பட்டையும் முதல் வகையைச் சேர்ந்ததே. ஆகவே ஆம்பூர், வாணியம்பாடித் தோல் செருப்புக்கும் பைக்கும் பெயர் பெற்றதாயினும், பழைய முறையில் பட்டையிட்ட அத்தோல் நூலின் முதுகில் நெடுநாள் நில்லாது. தம் ஊர்த்தோலால் தம் அன்புக்குரிய நாவலைப் போர்த்திய வாசகர் இதனை எங்ஙனம் அறிவார்? இத்தகைய தொகுதியைக் கையாளும் மாணவர்க்கு ஒரு சொல்: பொடியும் தோலின்மேல் எண்ணெயோ மெருகோ பூசற்க, அமிலமற்ற தாளால் உறையிட்டு வைத்தலே தக்கது.

தனிமனிதர் ஒருவர் சேர்த்தது எத்துணைப் பயன் தரும் என்பதற்குக் கோட்டையூர் ரோஜா முத்தையாவின் வரலாறே தக்க சான்று. அவர் சென்னையில் பெயர்ப்பலகை எழுதும் தொழில் செய்தவர். 'ரோஜா' என்பது அத்தொழிலால் அவர் பெயரோடு ஒட்டியது. மூர்மார்க்கெட்டின் பழைய நூற்கடைகளில் தொடங்கிய வேட்கை, கோட்டையூர் வீட்டை நிரப்பும் அளவுக்கு வளர்ந்தது. அவர் நாவலையும் சேர்த்தார், நாடக நோட்டீசையும் சேர்த்தார், திருமண அழைப்பிதழையும் சேர்த்தார். இது நூல், இது நூலன்று என்று பிரிக்கும் விதி அவரிடம் இல்லை. 1992இல் அவர் மறைந்தார். ஏறத்தாழ ஓர் இலட்சம் உருப்படிகள் அடங்கிய அத்தொகுப்பைச் சிகாகோப் பல்கலைக்கழகம் வாங்கிற்று. ஆயினும் அதனைக் கடல் கடத்தாமல், 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தோன்ற வழிசெய்தது. தமிழ் நாவலின் தொடக்க காலத்தை ஆராயும் எவரும் இன்று அந்நூலகத்தின் படியை ஏறாமல் இருத்தல் இயலாது. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் செய்யத் தவறியதைப் பெயர்ப்பலகை எழுதியவர் ஒருவர் செய்தார் என்பதை நாம் வெட்கத்தோடு எழுத வேண்டியுள்ளது.

ரோஜா முத்தையாவும் சத்துவாச்சாரிக் கணக்கரும் ஒருவகையில் வேறுபடுவர். முன்னவர் பிறர் படித்துக் கழித்ததைச் சேர்த்தார். பின்னவர் தாம் படித்ததை மட்டும் சேர்த்தார். முன்னவர் தொகுப்பு பரப்பால் பெருமை பெறும். பின்னவர் தொகுப்பில் ஒரு மனிதரின் நாற்பதாண்டுப் படிப்பு, எது முன், எது பின் என்னும் முறை மாறாமல் நிற்கிறது. எந்த ஆண்டில் அவர் கல்கியைவிட்டு ஜெயகாந்தனிடம் வந்தார், மாத நாவல்களை எப்போது வாங்கத் தொடங்கினார், எந்தத் தொடரைப் பாதியில் கத்தரிக்காமல் விட்டார் என்பன அலமாரியின் அடுக்கிலேயே தெரிகின்றன. நூலகம் முதல் வகையைப் பெற்று மூன்றாம் வகையைத் தள்ளியபோது குலைந்தது இம்முறையே. இதனை முன்னரே உணர்ந்து அடுக்கு வரிசையைக் குறித்துக்கொள்ளாமல் நூல்களைப் பெட்டியிலிட்டது நம் பிழை. பின்னர் நினைவிலிருந்து எழுதிய வரிசை ஐயத்துக்கு இடமானது.

திருப்பி அனுப்பப்பெற்ற தொகுதிகள் இப்போது நம் துறை அறையில் ஒரு மேசைமேல் உள்ளன. ஒவ்வொன்றையும் ஒளிப்படமாக்கி, இதழ்நாள் அடைவு ஒன்றும் ஆக்கும் பணியை மாணவர் இருவர் மேற்கொண்டுள்ளனர். பொன்னியின் செல்வனின் ஐந்து பாகங்களில் நான்கே கிடைத்தன. முதற்பாகமாகிய புது வெள்ளத்தின் உள்ளட்டையில் கணக்கர் இரவல் கணக்கும் எழுதியிருந்தார்: யார் கொண்டு சென்றார், என்று கொண்டு சென்றார், என்று திருப்பினார் என மூன்று பத்திகள். தோல் கணக்கு எழுதிய அதே கை, அதே கோடுகள். மூன்றாம் பாகமாகிய கொலை வாளுக்கு நேரே, கொண்டு சென்றவர் பெயர் இல்லை. 'எதிர்வீடு' என்று மட்டும் உள்ளது. திருப்பிய நாளுக்குரிய பத்தி வெறுமையாக இருக்கிறது. எதிர்வீட்டில் இருந்த குடும்பம் வேறூருக்குச் சென்று முப்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று என்றார் கணக்கரின் மகள். அவர்கள் சென்ற ஊரை விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.